இடது ஓரத்துக்குப் போகும் பந்து

தராமல் இருந்தால்தான் மாட்டிக்கொள்வேன், தந்துகொண்டே இருந்தால் யாருக்கும் தெரியாது. இடைவேளையில் வெந்நீரை ஊதி ஊதிக் குடிக்கும்போதும் இதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியாகிவிட்டது, முன்னால் ஆடுகிற மெர்சி பந்தைப் பின்னால் தட்டிவிட்டாள், அது என் காலுக்கு வந்து நிற்கிறது, தலையைத் தூக்கினால் இடது ஓரத்தில் கையை உயர்த்திக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். ஜீவிதா. என்னைவிட இரண்டு வயது சின்னவள், திண்டுக்கல்காரி. போன வருஷம் வரை நான் நின்ற இடத்தில் நிற்கிறாள், நான் போட்ட பதினோராம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு. தருகிறேன் தாயே, இந்தா. இடது காலில் ஆடுகிறவளுக்கு வலது பக்கமாக, ஒரு சாண் பின்னால், தரையோடு உருளாமல் முழங்கால் உயரத்துக்குத் துள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பந்து. பார்க்கிறவர்களுக்கு அது பாஸ். வாங்குகிறவளுக்குத் தலைவலி. அவள் உடம்பை ஒரு திருகு திருகித் தொடையில் வாங்கி, பந்தைக் காலடியில் போட்டு, தன்னைப் பிடிக்க வந்த ஜார்க்கண்ட் பெண்ணை ஏமாற்றி உள்ளே தட்டிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து, "சாரிக்கா, அடுத்தது ஒழுங்கா எடுத்துக்கறேன்" என்கிறாள். நான் கெடுத்துக் கொடுத்த பந்துக்கு அவள் சாரி சொல்கிறாள். இந்தச் சாரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருக்கும்.

பஞ்சாபில் ஏதோ ஓர் ஊர், வந்து ஒரு வாரமாகியும் பெயர் வாயில் நுழையவில்லை. காலை ஆட்டம் என்று பனியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள், எதிர்ப்பக்கக் கோல் போஸ்ட் இப்போதுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. பூட்ஸுக்குள் விரல் இருக்கிறதா என்று அடிக்கடி அசைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூட்டம் என்று காட்டுவதற்கு ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஸ்வெட்டரோடு உட்கார வைத்திருக்கிறார்கள், அதுகள் யார் பந்தை எடுத்தாலும் கத்துகின்றன, பந்து வெளியே போனாலும் கத்துகின்றன. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தேசியப் போட்டி, கத்தத்தானே வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது ஆட்டம். ஜார்க்கண்டுக்கு டிரா போதும், அவர்கள் கோல் கணக்கில் முன்னால் இருக்கிறார்கள். நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயித்தால் காலிறுதி, இல்லாவிட்டால் இன்று சாயங்காலமே ரயில். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, இடது பக்கக் கார்னர் கொடிக்கு அருகில் இரும்புப் படியில் பழுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா. பெரிய கால்பந்து க்ளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்திருக்கிறார். ஒரு காலத்தில் இந்தியாவுக்கு ஆடியவராம். பந்தலுக்குக் கீழே சோபா போட்டு, முந்திரி வைத்து, பெரிய மனிதர்களை உட்கார வைத்திருக்கிறார்கள், அங்கே போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். முதல் பாதியில் எங்கள் வலது பக்கம் அது, பரவாயில்லை என்று இருந்தேன். பக்கம் மாறியதும் ஜீவிதா ஓடுகிற ஓரம் அந்த அம்மாவின் காலடியில் வந்து முடிகிறது. இவ்வளவு பெரிய மைதானத்தில் உட்கார வேறு இடமா கிடைக்கவில்லை.

எங்கள் கோச் எட்வின் சார் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை. முந்தாநாள் காலை சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம், ஆறாவது நாளாக அதே ரொட்டி, அதே உருளைக்கிழங்கு, சோறு என்று கனவு கண்டுகொண்டிருக்கிறோம், அப்போது வந்து நின்றுகொண்டு சொல்கிறார், க்ளப்பிலிருந்து ஆள் வந்திருக்கிறது, நம்ம டீமில் ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம், அதனால் எல்லோரும் ஒற்றுமையாக ஆடுங்கள் என்று. ஒருத்தி என்று சொல்லிவிட்டு ஒற்றுமை என்று சொல்கிற ஆளை என்ன செய்வது. எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜீவிதாவைப் பார்த்தேன். அவள் ரொட்டியைச் சுருட்டி டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன, பதினைந்து வயது, இன்னும் இரண்டு நேஷனல்ஸ் இருக்கிறது. எனக்கு இதுதான் கடைசி. பள்ளிக்கூடம் முடிகிறது, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு ஜூன் மாதம் வேறொருத்தி வந்துவிடுவாள். அப்பா கடலூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். போனில் பேசும்போது ஒரு வார்த்தைகூட ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டார். நேஷனல்ஸ் முடித்து வா பவா, அந்த லேப் டெக்னீஷியன் கோர்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், நமக்குத் தெரிந்தவர்தான் அங்கே இருக்கிறார், வெயில் மழை இல்லாத வேலை என்பார். வெயில் மழை இல்லாத வேலை. நாள் முழுக்க ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, கையை நீட்டுங்கம்மா, விரலை மடக்குங்கய்யா என்று சொல்லி ஊசி குத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த ரப்பரை இறுக்கிக் கட்டினால் நரம்பு புடைத்துக்கொண்டு வருமே, அதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. இப்போதுகூடக் கூசுகிறது. ஒருத்திதானே. அந்த ஒருத்தி இவளாக ஏன் இருக்க வேண்டும்.

எனக்குப் பந்து. வலது பக்கம் தரலாம், அங்கே ஆளில்லை. இடது பக்கம் தரலாம், அவள் இருக்கிறாள். கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறேன், அவள் ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி ஓடத் தொடங்கும்வரை. இதுவும் ஒரு வகை. தாமதமாகத் தருவது. ஓடுகிறவளின் மூச்சைக் கெடுத்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன் டீமுக்காக நடந்த திருச்சிக் கேம்பில்தான் இதையெல்லாம் பழகினேன், யாரும் கற்றுத் தரவில்லை, கோபம் கற்றுத் தந்தது. அங்கே முதல் நாளே எட்வின் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, நீ இனிமேல் நடுவில் ஆடு பவா, உனக்குப் பார்வை இருக்கிறது, நீ பந்து கொடுக்கிற பொண்ணு, அவ ஓடுற பொண்ணு என்றார். பார்வை இருக்கிறதாம். எட்டு வருஷம் நான் ஓடியது எதில் சேர்த்தி. கடலூரில் சில்வர் பீச் மணலில் பூட்ஸ் போடாமல் ஓடினேனே, ஓரத்தில் ஓடுகிறவளைத்தான் உலகம் பார்க்கும் என்று தெரிந்துதானே ஓடினேன். நடுவில் நிற்கிறவளை யார் பார்க்கிறார்கள். பந்து வந்தது, போனது. கொடுத்தது யார் என்று கேட்டால் ஜெயித்த டீமில் உள்ளவர்களுக்கே நினைவிருக்காது. சரி, கொடுக்கிற பொண்ணுதானே நான், கொடுக்கிறேன் என்று அன்றைக்குச் சாயங்காலமே முதல் கெட்ட பந்தைக் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல பந்துக்கும் கெட்ட பந்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் வித்தியாசம், அந்த ஒரு சாணைக் கரையில் நிற்கிற கோச்சால் பார்க்க முடியாது. வாங்குகிற காலுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பின் எல்லாப் பந்தும் அப்படித்தான். மெர்சிக்கு, பின்னால் கோலைக் காக்கிற ஸ்டாப்பர்களுக்கு, மற்ற எல்லோருக்கும் காலில் வைத்த மாதிரி தருவேன், இடது ஓரத்துக்கு மட்டும் அந்த ஒரு சாண்.

ஆனால் என்ன ஆகிறது என்று பாருங்கள், யாரைப் பார்க்கச் சொல்கிறேன், என்னையே சொல்லிக்கொள்கிறேன், என்ன ஆகிறது என்று பார் பவதாரணி. முதல் பாதியில் அவள் ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே முதுகுப் பக்கம் தள்ளிக் கொடுத்தேன். வேறொருத்தியாக இருந்தால் நின்று திரும்பியிருப்பாள், பந்து போயிருக்கும். இவள் நிற்கவே இல்லை. குதிகாலால் பந்தைத் தன் தலைக்கு மேலே முன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் போய், ஓரத்திலிருந்து அடித்தாள், மெர்சி தலையால் முட்டினாள், கோல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தின. கரையிலிருந்து எட்வின் சார் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, "சூப்பர் பாஸ் பவா, சூப்பர் பாஸ்" என்று கத்துகிறார். சூப்பர் பாஸாம். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் இருந்தது. நான் எவ்வளவு மோசமாகக் கொடுக்கிறேனோ அவ்வளவு அழகாக அவள் எடுக்கிறாள். நல்ல பந்தாகக் கொடுத்திருந்தால் அவளும் மற்றவர்களைப் போல வாங்கி, ஓடி, அடித்திருப்பாள், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். திருச்சியில் முதல் வாரம் நான் கொடுத்த பந்தெல்லாம் அவள் காலில் பட்டு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது, நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டாவது வாரம் தொடையில் வாங்கப் பழகிக்கொண்டாள். அப்புறம் வலது காலில். அப்புறம் குதிகாலில். இரண்டு மாதம் அவளுக்கு நான் விடாமல் பயிற்சி கொடுத்திருக்கிறேன், சம்பளம் வாங்காத கோச் நான்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

அக்கா அக்கா என்கிறாள். ரயிலில் எனக்கு மேல் பர்த் வந்தது, நீங்க கீழே படுத்துக்கங்கக்கா, உங்களுக்கு முட்டி வலிக்கும் என்று தன் இடத்தைக் கொடுத்தாள். முட்டி வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்திருக்கிறாள். நான் ஏறி இறங்கும்போது பார்த்திருக்கிறாள். இங்கே வந்ததும் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிரில் தன் சாக்ஸோடு என் சாக்ஸையும் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். நான் கேட்டேனா. அன்பா, நடிப்பா, எனக்குத் தெரியவில்லை, தெரியாததுதான் எரிகிறது. அம்மா பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறார், அப்பா இல்லை என்று மெர்சி சொன்னாள். நான் கேட்கவில்லை, மெர்சியாகச் சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரக்கப்பட வேண்டுமாம். இரக்கப்பட்டால் என் கட்டிலை யார் தருவார்கள். அவளுக்கு அந்தக் க்ளப் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் கிடைக்கும், அதற்கடுத்த வருஷம் கிடைக்கும். எனக்குக் கிடைக்காவிட்டால் விரலை மடக்குங்கய்யா. ஒரே ஒரு தடவை அவள் என்னை முறைத்துப் பார்த்திருந்தால், ஏன்க்கா இப்படித் தர்றீங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், நான் சண்டை போட்டிருப்பேன், சண்டைக்குப் பிறகு ஒருவேளை ஒழுங்காகக்கூடக் கொடுத்திருப்பேன். கேட்க மாட்டாள். சாரிக்கா என்பாள். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள்.

இந்தா, இதை வாங்கு. இதை நான் யோசித்துச் செய்யவில்லை, கால் செய்தது. இதற்கு ஆஸ்பத்திரிப் பந்து என்று பெயர், ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும். இருவருக்கும் நடுவில், இருவருக்கும் எட்டும் என்கிற மாதிரி, மெதுவாக ஒரு பந்தை உருட்டிவிட வேண்டும். நம் ஆளும் முழு வேகத்தில் வருவாள், எதிராளும் முழு வேகத்தில் வருவாள். அந்த ஜார்க்கண்ட் தடுப்பாட்டக்காரி நல்ல உயரம், இரட்டை ஜடையை மடித்துக் கட்டியிருக்கிறாள், முதல் பாதியிலிருந்தே ஜீவிதாவிடம் ஏமாந்து ஏமாந்து முகம் கறுத்துப் போயிருக்கிறாள். சத்தம் எனக்கு இங்கே கேட்டது. ஷின் கார்டு மீது பூட்ஸ் விழுகிற சத்தம். ஜீவிதா தரையில் கிடக்கிறாள், காலைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற படிக்கு நேராக. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், வயிற்றுக்குள் சூடாக ஏதோ இறங்கினது போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுந்திருக்காதே. அப்படியே கிட. உன்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும், உட்கார வைத்து ஐஸ் வைக்கட்டும், அடுத்த வருஷம் வா. அடுத்த நொடியே இன்னொன்று தோன்றியது. உடைந்திருந்தால். இரண்டு வருஷம் இருக்கிறது என்று சொன்னேனே, அது காலோடு சேர்த்துத்தானே. ரெஃப்ரி ஜடைக்காரிக்கு மஞ்சள் அட்டை காட்டுகிறார். அவள் கையை விரித்து இந்தியில் ஏதோ வாதாடுகிறாள், பாவம், அவள் என்ன செய்வாள், பந்து அவளுக்கும் எட்டுகிற மாதிரிதானே வந்தது. மருந்தடித்து, தடவி, நீவி, ஜீவிதாவை எழுப்பி நிறுத்துகிறார்கள். நிற்கிறாள். நடக்கிறாள். நொண்டி நொண்டி நாலடி, அப்புறம் நொண்டாமல் நாலடி. என்னைத் தாண்டிப் போகும்போது சாரி சொல்லவில்லை. வலியில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். படியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஜீவிதா எழுந்து நடந்ததும் மற்றவர்கள் எல்லோரும் ஜீவிதாவைப் பார்த்துக் கை தட்டினார்கள், அவர் தட்டவில்லை, அவர் என்னைப் பார்த்தார். என்னையா. எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை, காலி மைதானம், அதற்குப் பின்னால் பனி. இவ்வளவு நேரம் இது எனக்கு ஏன் தோன்றவில்லை. அந்த ஒரு சாணைக் கோச்சால் பார்க்க முடியாது, சரி. அந்த அம்மா கோச் இல்லை. ஆடியவர். இந்தியாவுக்கு ஆடியவர். எந்த இடத்தில் ஆடினார் என்று நான் கேட்டேனா. நடுவில் ஆடியவராக இருந்தால். பந்து கொடுக்கிற பொண்ணாக இருந்தால். ஜீவிதா எப்படி வாங்குகிறாள் என்று அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கண் அந்தப் பந்து எங்கிருந்து இப்படி வருகிறது என்றும் பார்க்குமே. பார்த்தால் என்ன தெரியும். எட்டாம் நம்பர் சட்டைக்காரிக்கு வலது பக்கம் தரத் தெரிகிறது, பின்னால் தரத் தெரிகிறது, இடது பக்கம் மட்டும் தரத் தெரியவில்லை. அல்லது தெரிந்தே தரவில்லை. இரண்டில் எது மோசம். தரத் தெரியாதவள் என்று நினைத்தால் லேப் டெக்னீஷியன். தெரிந்தே கெடுக்கிறவள் என்று நினைத்தாலும் லேப் டெக்னீஷியன். என் பந்து நல்ல பந்து என்பதை நான் இரண்டு மாதமாக யாருக்கும் காட்டவில்லை, காட்ட வேண்டிய இந்த ஒரு காலையிலும் காட்டவில்லை, அவளைக் கெடுக்கிறேன் என்று என்னைத்தான் மூடி மூடி வைத்திருக்கிறேன். எல்லாம் யாரால். இவளால்தான். இப்போதும் இவள்மேல்தான் கோபம் வருகிறது, வேறு யார்மேலும் வர மாட்டேன் என்கிறது.

நேரம் போய்விட்டது. எட்வின் சார் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார், அது எங்களுக்கா அவருக்கா தெரியவில்லை. ஜார்க்கண்ட் பெண்கள் பந்து வெளியே போனால் நடந்து போய் எடுக்கிறார்கள், கீழே விழுந்தால் எழுந்திருக்க யோசிக்கிறார்கள், அவர்களுக்கு டிரா போதும். எனக்கு டிரா போதாது. ஒரு கோல் வேண்டும், ஒரு கோல் வந்தால் காலிறுதி, காலிறுதி வந்தால் அந்த அம்மா இன்னொரு நாள் அந்தப் படியில் உட்காருவார், அந்த நாள் முழுக்க நான் பந்து கொடுத்துக் காட்டுவேன், எல்லாப் பக்கமும், ஒரு சாண் தப்பாமல். ஸ்டாப்பர் வெட்டியெடுத்த பந்து என்னிடம் வருகிறது. மார்பில் வாங்கிக் கீழே போடுகிறேன். சுற்றிலும் யாரும் இல்லை, நடுமைதானம் முழுக்க எனக்கு. ஜடைக்காரி ஜீவிதாவை ஒட்டிக்கொண்டு மேலே ஏறி வந்திருக்கிறாள், களைத்திருக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் கார்னர் கொடி வரைக்கும் ஒரு நிலம் காலியாகக் கிடக்கிறது. போன வருஷம் நான் அந்த ஓரத்தில் நிற்கும்போது இப்படி ஒரு நிலத்தைப் பார்த்துவிட்டு, யாராவது இங்கே ஒரு பந்து போட மாட்டார்களா என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன். யாரும் போட்டதில்லை. எனக்குத் தெரியும் அது எங்கே விழ வேண்டும் என்று, என் காலுக்குத் தெரியும். ஜடைக்காரியின் தலைக்கு மேலே போக வேண்டும், விழுந்ததும் முன்னால் தாவாமல் காத்திருக்க வேண்டும், ஓடி வருகிறவளின் இடது காலுக்கு. அவள் தொட வேண்டியது ஒரே ஒரு தடவை, அதற்கப்புறம் கீப்பர் மட்டும்தான். அவள் கோல் போடட்டும். போட்டுத் தொலைக்கட்டும். கொடுத்தது நான் என்று அந்த அம்மா பார்க்கட்டும். அடித்தேன். காலிலிருந்து கிளம்பும்போதே தெரிந்துவிட்டது, பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பந்து நான் கொடுத்ததில்லை. பனிக்குள் போய்ப் பனியிலிருந்து வெளியே வந்து, ஜடைக்காரி எம்பியும் எட்டாமல், அவள் முதுகுக்குப் பின்னால் நான் நினைத்த அதே இடத்தில் இறங்கியது.

அங்கே யாரும் இல்லை. நான் காலை ஓங்கியதைப் பார்த்த உடனேயே ஜீவிதா ஓரத்தை விட்டு என்னை நோக்கி உள்ளே ஓடி வந்திருந்தாள். குறைவாக வரும், பின்னால் வரும், வலது பக்கம் வரும், நாம்தான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு மாதமாக அவள் காலுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்த இடத்துக்கு ஒழுங்காக வந்து நின்றாள். பந்து அவள் தலைக்கு மேலே போனதை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி ஓடினாள், அடிபட்ட காலோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஓடினாள். பந்து காலியான நிலத்தில் ஒரு தடவை எழும்பி, அவளுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டி இரும்புப் படிவரைக்கும் போயிற்று. அந்த அம்மா காலை நீட்டி அதை நிறுத்தினார். கரையிலிருந்து எட்வின் சார் கத்துகிறார், "எங்க ஓடி வர்ற ஜீவிதா? தூங்குறியா? எவ்ளோ நல்ல பந்து அது." மெர்சி தலையில் கை வைத்துக்கொண்டு ஜீவிதாவைத் திட்டுகிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்துத்தான் ஊளையிடுகின்றன. எல்லோரும் அவளைத்தான். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பின்னால் இருந்து யாரோ என் முதுகில் தட்டி நல்ல பாஸ் என்றுகூடச் சொன்னார்கள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கிறார், கோல் கிக் எடுத்ததும் ஊதிவிடுவார். ஜீவிதா திரும்பி வருகிறாள், தலையைக் குனியாமல், நேராக என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது, முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் கிழிந்து ரத்தம் தெரிகிறது. கோபமாகக் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"இப்ப மட்டும் ஏன்க்கா நல்லா குடுத்தீங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. ஜார்க்கண்ட் கீப்பர் பந்தை வைத்துவிட்டாள், ஜீவிதா தன் ஆளைப் பிடிக்க வேண்டும், அந்த ஓரத்துக்கு ஓடிப்போனாள்.